ஒற்றை இருக்கை விமானம்

அந்த விமானத்தில் ஒரே ஓர் இருக்கைதான் இருந்தது. அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். இன்னோர் இருக்கை இருந்திருந்தால் எங்கள் மூவருக்கும் அந்த வருஷம் வேறு மாதிரி போயிருக்கும்.

அறுபதுகளின் நடுவில் நான் திருச்சியில், விமான நிலையத்தின் ஓரத்திலிருந்த ஒரு சின்னப் பறக்கும் கிளப்பில் ஆசிரியராக வேலை பார்த்தேன். கிளப் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, யுத்த காலத்துப் பயிற்சி விமானம் ஒன்று, ஒரு மெக்கானிக், நான். கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவர் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறவர். மணப்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். இளவயதிலேயே தச்சும் வெல்டிங்கும் பழகி, துவாக்குடி ரோட்டில் சொந்தப் பட்டறை போட்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர், படு நிதானமானவர். ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட ஓரடி தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் அடிப்பார். பறப்பதிலும் அப்படியே. அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மற்றவர்களைவிட அதிக நாள் பிடித்தது. ஆனால் ஒரு முறை கற்றதை மறக்கவே மாட்டார்.

அவர் ஒரு நாள் கொட்டகைக்கு வந்து, மடித்து வைத்திருந்த வரைபடங்களைத் தரையில் விரித்தார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் பார்த்து வரவழைத்தவை. வீட்டிலேயே கட்டிக்கொள்ளக்கூடிய சின்ன விமானம். மேலும் கீழுமாக இரண்டு ஜோடி இறக்கை, குட்டையான உடம்பு, நடுவில் ஓர் ஆள் உட்கார ஒரு குழி.

"கட்ட முடியுமாங்க?" என்று கேட்டார்.

"உங்களால கட்ட முடியும். ஓட்டுறதப் பத்தி அப்புறம் பேசுவோம்," என்றேன்.

அந்த 'அப்புறம்' வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உடம்புக் கூட்டைப் பட்டறையிலேயே இரும்புக் குழாய்களை வெல்டு வைத்து எழுப்பினார். ஏலத்தில் விட்ட பழைய விமானம் ஒன்றிலிருந்து இன்ஜின் கிடைத்தது. இறக்கைகளை மட்டும் ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டுக் கூடத்தில் வைத்துக் கட்டினார். பட்டறையில் பறக்கிற இரும்புத் தூளும் மரத்தூளும் இறக்கைக்கு ஆகாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவர் மனைவி. இறக்கையின் மரச்சட்டத்துக்கு மேலே துணி போர்த்தி, அந்தத் துணியை ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் மெழுகு பூசிய நூலால் தைக்க வேண்டும். நீளமான ஊசியை மேலிருந்து குத்திக் கீழே எடுத்து, சட்டத்தைச் சுற்றி மறுபடி மேலே கொண்டுவந்து, முடிச்சுப் போட்டு இறுக்க வேண்டும். ஒரு முடிச்சு நெகிழ்ந்தால் காற்று அங்கே துணியைத் தூக்கும். பட்டறை ஆட்கள் தைத்த மாதிரித் துண்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "குடுங்க இங்க," என்று வாங்கிக்கொண்டாராம். அப்புறம் முழுக்க முழுக்க அவர் தையல்தான்.

கிளப்பில் சோதனைப் பொறுப்பு என்னுடையது. அதனால் மாதத்தில் ஓரிரு முறை ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். இறக்கை கூடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதைச் சுற்றிப் போகச் சுவரோடு ஒட்டித்தான் நடக்க வேண்டும். துணி விறைப்பாக நிற்பதற்காக அதன் மேல் பூசுகிற மருந்து காயும்போது பழுத்த வாழைப்பழ வாசனை தெரு முழுவதும் அடிக்கும். அந்த அம்மா தையலைக் காட்டிக்கொண்டே வருவார். நான் முடிச்சுகளை நகத்தால் நெருடிப் பார்ப்பேன். குறை சொல்ல எதுவும் இருந்ததில்லை.

"இது எவ்வளவு பாரம் தாங்கும்ணே?" என்று ஒரு முறை கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி நாலஞ்சு பேரத் தாங்கும்மா."

"ஆனா ஒருத்தர்தான் உக்கார முடியும்," என்றார். நான் அதை அப்போது சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முழு விமானமும் கிளப்புக்கு வந்து சேர்ந்து, பறக்கவிடும் அனுமதியும் டெல்லியிலிருந்து வந்து, ஒரு தை மாதக் காலையில் நான் அதில் ஏறினேன். பட்டறையில் மிஞ்சியிருந்த டவுன் பஸ் சிவப்பைத்தான் அதற்குப் பூசியிருந்தார். எங்கள் பயிற்சி விமானத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது பசுவோடு நிற்கும் கன்றுக்குட்டி போல இருந்தது. உட்கார்ந்தால் தோள்கள் இரண்டு பக்கமும் உரசின. மூக்கு மேலே தூக்கி நிற்பதால் முன்னால் ஒன்றும் தெரியாது. இடதும் வலதுமாக வளைந்து வளைந்து போய், பக்கவாட்டில் எட்டிப் பார்த்துத்தான் ஓடுபாதைக்கே போக முடிந்தது.

இன்ஜினுக்குப் பவர் கொடுக்கும் த்ராட்டிலைத் தள்ளியதும் அது கிளம்பிய வேகத்துக்கு நான் தயாராக இல்லை. மூக்கு இடது பக்கம் திரும்பப் பார்த்தது. வலது காலால் பெடலை மிதித்துப் பிடித்தேன். வால் எழுந்து பாதை கண்ணுக்குத் தெரிந்த அதே கணத்தில் சக்கரங்கள் தரையை விட்டுவிட்டன. பயிற்சி விமானத்தில் வளைய வேண்டுமென்றால் ஸ்டிக்கைச் சாய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இது நான் நினைத்ததுமே திரும்பிவிட்டது. விரல் நுனியில் பிடித்தால் போதும். முழங்கையை அசைத்தால் அதிகம். நல்ல உயரத்தில், ஆள் நடமாட்டமில்லாத பொட்டல் காட்டுக்கு மேலே, ஒரு முறை உருட்டிப் பார்த்தேன். வானமும் செம்மண்ணும் இடம் மாறி, மறுபடி தம் இடத்துக்கு வந்து நின்றன. அத்தனை வருஷ ஆசிரியர் வேலையில் நான் மறந்துபோயிருந்த ஒரு சந்தோஷம் அது. வாய்விட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்புறம் த்ராட்டிலை மூடினேன். சிரிப்பு நின்றுவிட்டது. பயிற்சி விமானம் இன்ஜின் இல்லாவிட்டாலும் மெதுவாக மிதந்து இறங்கும். இதற்கு மிதக்கிற குணமே கிடையாது. குட்டை இறக்கைகளும் அவற்றைக் கட்டிப்பிடித்த கம்பிகளும் காற்றைத் தடுக்க, கிணற்றுக்குள் போட்ட வாளி மாதிரி இறங்கியது. இறங்கும்போது தரையைத் தொடும்வரை இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டே வர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன். அப்படியே வந்தேன். தரை தொட்டதும் வால் பக்கவாட்டில் ஓடப் பார்த்தது. வலது, இடது, வலது என்று கால்கள் தாமாகவே பெடல்களில் ஆடின. யோசித்திருந்தால் பிடித்திருக்க முடியாது.

பட்டறைக்காரர் ஓடி வந்தார். கொட்டகை நிழலில் அவர் மனைவி நின்றிருந்தார்.

"எப்படிங்க இருக்கு?"

"அருமையா கட்டியிருக்கீங்க. நான் ஓட்டினதுலயே இதுதான் நல்ல விமானம்," என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மீதியையும் உடனே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "ஆனா இது யோசிக்க விடாது. தரையில ஒரு நொடி கால் தாமதமானா திரும்பிக்கும். பவர எடுத்தா அப்படியே கீழ போகும். இப்போதைக்கு நீங்க இதுல ஏறக் கூடாது."

முதல் பாதியை மட்டும்தான் அவர் கேட்டார். இரண்டாம் பாதி அவர் மனைவியிடம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் அந்த அம்மா தனியாக என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"அண்ணே, அது நல்லா இல்லன்னு சொல்லிடுங்க. ஏதோ கோளாறு இருக்குன்னு சொல்லுங்க. உங்க பேச்சத்தான் அவர் நம்புவார்."

"கோளாறு இல்லையேம்மா."

"எனக்கும் தெரியும். நான் தச்சதுதானே. கோளாறு அதுல இல்ல. அவருக்கு எதையும் யோசிச்சுத்தான் செய்ய வரும். அது அவர் குணம். யோசிக்க விடாதுன்னு உங்க வாயாலயே சொன்னீங்க."

மூன்று வருஷம் உழைத்தவரிடம் போய் இல்லாத குறையை எப்படிச் சொல்வது? அப்படிச் சொன்னால், அந்தக் குறையைத் தேடி அவர் முழு விமானத்தையும் பிரித்துப் போட்டுவிடுவார். அதைச் சொன்னேன்.

"பிரிச்சுப் போடட்டுமே. பட்டறையிலதானே இருப்பார்," என்றார்.

"பொய் சொல்ல என்னால ஆகாதும்மா. ஆனா ஒண்ணு செய்றேன். எனக்குத் திருப்தியாகிற வரைக்கும் அவர ஏற விடமாட்டேன்."

அவர் அதை ஒப்புக்கொண்டதாகவும் சொல்லவில்லை, மறுத்ததாகவும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு, போயிட்டு வரேன் என்று எழுந்து போனார்.

அன்றிலிருந்து பட்டறைக்காரருக்குப் புதிதாகப் பாடம் ஆரம்பித்தேன். இங்கேதான் அந்த ஒற்றை இருக்கை குறுக்கே வந்தது. அதில் நான் அவரோடு உட்கார்ந்து சொல்லித்தர முடியாது. முதல் தடவையே தனியாகத்தான் போக வேண்டும். அதனால் பயிற்சி விமானத்தில் அவரைப் பின்னால் உட்கார வைத்து, அவருக்கு முன்னாலிருந்த கண்ணாடியைக் காகிதம் ஒட்டி மறைத்தேன். பக்கவாட்டில் பார்த்தே இறங்கப் பழக வேண்டும். பவரோடு வந்து இறங்கச் சொன்னேன். ஒரு சக்கரத்தில் ஓடச் சொன்னேன். பேசுவதற்கென்று இருந்த ரப்பர்க் குழாயில் அவர் சொல்வது எனக்கும் நான் சொல்வது அவருக்கும் சரியாகக் கேட்காது. அதனால் கையால்தான் பேசினோம். முஷ்டியை முன்னால் நீட்டினால் பவர் கொடு. கையை விரித்துக் காட்டினால் அப்படியே வைத்திரு. பின்னால் இழுத்தால் மூடு.

மாசி, பங்குனி, சித்திரை என்று போயிற்று. கை நன்றாகப் பழகிவிட்டது. கால்தான் எப்போதும் ஒரு கணம் பின்தங்கும். வால் ஓட ஆரம்பித்து, அது ஓடுகிறது என்று அவர் தெரிந்துகொண்டு, அப்புறம்தான் மிதிப்பார். பயிற்சி விமானம் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

வைகாசி முடிவில் ஒரு வாரம் அவர் இறங்கியதெல்லாம் சுத்தமாக இருந்தது. "ஆடிக் காத்து ஆரம்பிச்சிட்டா அப்புறம் புரட்டாசிதான்," என்றார். அதில் கெஞ்சல் எதுவும் இல்லை. இருக்கிறதைச் சொன்னார். அந்த ஒரு வாரத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். திருப்தி என்று எதைச் சொல்வது? இன்னும் ஒரு வருஷம் பழகினாலும் அவர் கால் அவர் கால்தான். கடைசியில், "சரி, நாளைக்கு விடியக்காலம் வாங்க. காத்து கிளம்புறதுக்குள்ள ஒரே ஒரு சுத்து," என்றேன்.

அவர் மனைவியும் வந்திருந்தார். "நான் வரக் கூடாதுன்னார். வருவேன்னுட்டேன்," என்று மட்டும் சொன்னார்.

பட்டறைக்காரர் கிளம்பியது நன்றாகவே இருந்தது. நேராக ஓடி, சட்டென்று எழுந்து, கிழக்கே வளைந்து ஒரு சுற்று முடித்து வந்தார். ஓடுபாதைக்கு நேராக வந்ததும் இன்ஜின் சத்தம் அடங்குவது கேட்டது. பல வருஷப் பழக்கத்தில் த்ராட்டிலை மூடிவிட்டார். விமானம் பொத்தென்று கீழே போக, பயந்துபோய் மறுபடி முழுப் பவரையும் கொடுத்து, எங்கள் தலைக்கு மேலே போய்விட்டார்.

"என்னண்ணே?"

"உயரம் சரியா அமையல. மறுபடி வருவார்."

மறுபடி வந்தார். இந்த முறை இன்னும் மேலேயே பவரை மூடிவிட்டு, இன்னும் சீக்கிரம் பயந்து, போய்விட்டார். அடுத்த தடவை ஓடுபாதையின் பக்கத்தில்கூட வரவில்லை. விமான நிலையத்துக்கு மேலே வட்டமடிக்க ஆரம்பித்தார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அந்த அம்மாவுக்கும் தெரிந்தது.

"ஏன் இறங்க மாட்டேங்கறார்? பெட்ரோல் எவ்வளவு நேரத்துக்கு இருக்கும்?"

அதிகம் ஊற்ற வேண்டாம், பாரமாகிவிடும் என்று மெக்கானிக்கிடம் நானேதான் சொல்லியிருந்தேன். விமானத்தில் ரேடியோ கிடையாது. வெயில் ஏற ஏறத் தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பி, கம்பத்திலிருந்த காற்றுப் பை அசைய ஆரம்பித்திருந்தது.

பயிற்சி விமானத்தை நோக்கி ஓடினேன். மெக்கானிக் என்னைக் கேட்கவே இல்லை, ப்ரொப்பெல்லரைப் பிடித்துக் கையால் சுழற்றினார். இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி சுழற்றினார். பிடித்தது. திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "போங்க," என்று கையால் காட்டினார்.

மேலே போய் அவருக்குப் பக்கத்தில் சேர்வதே பெரும்பாடாக இருந்தது. அவருடைய விமானம் பத்திரமாகப் பறக்கக்கூடிய குறைந்த வேகம், எங்கள் கிழட்டு விமானம் மூச்சு வாங்க ஓடுகிற வேகம். முழுப் பவரும் கொடுத்து அவர் வளைவுக்குள்ளே குறுக்கே புகுந்து இடது பக்கம் போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். பறக்கும்போது மாட்டுகிற கண்ணாடிக்குள் முகம் தெரியவில்லை. என்னைக் காட்டி, கீழே காட்டி, என் பின்னாலேயே வா என்று கையால் சொன்னேன். தலையசைத்தார்.

நீளமாகச் சுற்றி, வெகு தூரத்திலிருந்தே ஓடுபாதைக்கு நேராக வந்தோம். அவர் கை எப்போது த்ராட்டிலுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். போவதற்கு முன்னாலேயே முஷ்டியை நீட்டினேன். பிறகு கையை விரித்தேன். வைத்திரு. வைத்திரு. அவர் ஓடுபாதையைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். தரை எழுந்து வந்தது. ஓடுபாதையின் இடது விளிம்புக்கு மேலே நானும், வலது பாதியில் அவருமாக, ஆளுயரத்தில் ஓடினோம். அவருடைய சக்கரம் தொட்டது, எழும்பியது, மறுபடி தொட்டது. அப்போதுதான் கையைப் பின்னால் இழுத்து, மூடு என்று காட்டினேன். காட்டிவிட்டு நான் மேலே எழுந்துவிட்டேன். வேறு வழியில்லை. அதற்கப்புறம் கால் அவருடையது.

வளைந்து திரும்பிப் பார்த்தபோது ஓடுபாதையின் ஓரத்தில் செம்புழுதி எழுந்திருந்தது. விமானம் வந்த திசையைப் பார்த்துத் திரும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கீழ் இறக்கையின் நுனி மண்ணில் குத்தியிருந்தது. அந்த அம்மா ஓடிக்கொண்டிருந்தார்.

நான் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது அவர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உங்க கையவே பாத்துக்கிட்டு வந்தேங்க," என்றார். "தரை எப்ப வந்துச்சுன்னே தெரியல. நீங்க போனப்புறம்தான் நான் ஓட்டுறேன்னு ஞாபகம் வந்துச்சு. உடனே திரும்பிடுச்சு."

இரண்டு நாள் கழித்து அவர் அந்த இறக்கையைக் கழற்றி ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துப் போனார். ஒடிந்த மரத்தைச் சரி செய்வது அவருக்குப் பெரிய வேலை இல்லை. தையல்தான் பிரச்சினை. இனிமேல் ஊசியைத் தொடமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டார். சண்டை எதுவும் போடவில்லையாம், சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாராம். அதனால் பட்டறைக்காரரே தைத்து, என்னைப் பார்க்கக் கூப்பிட்டார்.

கூடத்தில் இறக்கையைச் சுற்றி நடந்து பார்த்தேன். அந்த அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. முடிச்சுகள் சில இறுக்கமாகவும் சில நெகிழ்வாகவும் இருந்தன. நகத்தால் நெருடிப் பார்த்து, "இது ஆகாதுங்க, பிரிச்சுடுங்க," என்றேன். அங்கேயே உட்கார்ந்து பிரித்தார். அடுத்த மாதம் மறுபடி கூப்பிட்டார். முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நான்கைந்து முடிச்சுகளைக் காட்டி, ஆகாது என்றேன். மூன்றாம் முறை தையற்காரர் ஒருவரை வைத்துத் தைத்திருந்தார். அதிலும் குறை இருந்தது, சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நான் சொன்னது நிஜம். ஆனால் வேறொருவர் விமானமாக இருந்தால் இத்தனை கறாராகப் பார்த்திருப்பேனா என்று, திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பேன். பதில் தெரியாமலே வீடு வந்துவிடும்.

நான்காம் முறை அவர் கூப்பிடவில்லை. மறு வருஷம் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பைலட் வந்து விமானத்தைப் பார்த்து, பிடித்துப்போய் விலைக்கு வாங்கி, இறக்கையைத் தன் ஆட்களை வைத்துத் தைத்துக்கொண்டு, எடுத்துப் போக ஒரு காலையில் வந்தார். இளைஞர், சண்டை விமானம் ஓட்டிப் பழகியவர். சிவப்பு விமானம் ஓடி, எழுந்து, ஒரு முறை எங்களுக்கு முன்னால் தாழ்வாக உருண்டு காட்டிவிட்டு வடமேற்கே போயிற்று. நாங்கள் மூவரும் சத்தம் ஓயும் வரை நின்றோம்.

திரும்பும்போது பட்டறைக்காரர் தன் ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டார். மார்க்கெட் வந்ததும் அந்த அம்மா, "கொஞ்சம் நிறுத்துங்க, காய் வாங்கிக்கிறேன்," என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கூட்டத்தில் அவர் மறைந்ததும் பட்டறைக்காரர் இன்ஜினை நிறுத்தினார்.

"அந்தத் தையல வேணும்னேதான் தள்ளினீங்களா?"

"தையல் சரியில்லைங்க. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்," என்றார். "நான் அதக் கேக்கல."

ரொம்ப நேரம் கழித்து அந்த அம்மா பை நிறையக் கத்தரிக்காயும் கீரையுமாக வந்து ஏறினார். பட்டறைக்காரர் சாவியைத் திருப்பினார்.